எய்ட்ஸ் ஏன் இவர்களைத் தொடவில்லை?

ஒரு கொள்ளைநோய் வரும்போது டாக்டர்கள் யாரைப் பார்ப்பார்கள்? படுக்கையில் கிடப்பவர்களைத்தான். அது நியாயமும் கூட. நோய் வராமல் நடமாடுகிறவனைக் கூப்பிட்டு "உனக்கு மட்டும் ஏன் வரவில்லை?" என்று கேட்க யாருக்கு நேரம் இருக்கும்? கேட்டாலும் "அதிர்ஷ்டம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

எய்ட்ஸ் வரலாற்றில் இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்ட இடங்கள் இரண்டு. ஒன்று கென்யாவின் தலைநகரான நைரோபியில் உள்ள ஒரு சேரி. இன்னொன்று நியூயார்க். நியூயார்க்கில் பதில் சில ஆண்டுகளிலேயே கிடைத்துவிட்டது. அந்தப் பதில் மருந்தாகவும் ஆனது. நைரோபியில் கேள்வி முன்னதாகவே எழுந்தது, அங்கே ரத்தம் கொடுத்தவர்களும் அதிகம். ஆனால் பதில் மட்டும் இன்றுவரை முழுதாகக் கைக்கு வரவில்லை. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

மஜெங்கோ

நைரோபியில் பும்வானி என்று ஒரு பேட்டை. அதற்குள் மஜெங்கோ என்கிற சேரி. ஒற்றை அறை மண் வீடுகள், குறுகிய சந்துகள். பிரிட்டிஷ்காரர்கள் ஆண்ட காலத்திலிருந்தே பாலியல் தொழிலுக்குப் பெயர்போன இடம். பெண்கள் வீட்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார்கள், ஆட்கள் தேடி வருவார்கள். இந்தப் பெண்களில் பலர் கென்யாவைச் சேர்ந்தவர்கள்கூட இல்லை, பக்கத்து நாடான தான்சானியாவிலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள். ஊரில் பிள்ளைகள் இருப்பார்கள். கொஞ்சம் பணம் சேர்த்துக்கொண்டு ஊருக்குப் போவது, பணம் தீர்ந்ததும் திரும்பி வருவது என்று பலருடைய வாழ்க்கை ஓடியது. (இந்த "ஊருக்குப் போய்த் திரும்புவது" என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் முக்கியமாகும்.)

1980-ல் கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகமும் நைரோபி பல்கலைக்கழகமும் சேர்ந்து ஓர் ஆய்வைத் தொடங்கின. அப்போது எய்ட்ஸ் என்ற பெயரே கிடையாது. அவர்கள் ஆராய வந்தது சாங்க்ராய்டு என்ற பால்வினை நோயை. பிறப்புறுப்பில் புண் உண்டாக்கும் நோய் அது, சாதாரண மருந்துகளிலேயே குணமாகிவிடும். அந்தக் குழுவில் வந்து சேர்ந்த இளம் கனடிய டாக்டர்தான் ஃபிராங்க் பிளம்மர். அவருக்கு வாய்த்த பெரிய துணை எலிசபெத் இங்குகி என்ற கென்ய நர்ஸ். மஜெங்கோ பெண்களைக் கூட்டம் கூட்டி உட்காரவைத்துப் பேசியவர், அவர்களுக்குள்ளேயே தலைவிகளைத் தேர்ந்தெடுக்க வைத்தவர் இவர்தான். வெள்ளைக்கார டாக்டர் ஊசியோடு வந்து நின்றால் யார் கையை நீட்டப் போகிறார்கள்? இங்குகி இல்லாவிட்டால் இந்த ஆய்வே இல்லை என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அவரை ஒரு வரியில் கடந்து போய்விடுகிறார்கள்.

1985-ல் எச்.ஐ.வி. பரிசோதனை வந்தது. ஆண்களிடமிருந்து பெண்களுக்கும் பெண்களிடமிருந்து ஆண்களுக்கும் இந்த வைரஸ் எந்த அளவுக்குப் பரவும் என்பதே அமெரிக்காவில் அப்போது விவாதமாக இருந்தது. எதற்கும் பார்த்துவிடுவோம் என்று நைரோபிப் பெண்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். ஏழைப் பெண்களில் 100-க்கு 66 பேருக்கு வைரஸ் இருந்தது!

பழைய ரத்த மாதிரிகளை எடுத்துப் பார்த்தபோது இன்னும் பயங்கரம். 1981-ல் எடுத்த மாதிரிகளில் 100-க்கு 4 பேருக்குத்தான் இருந்தது. நான்கே ஆண்டுகளில் 4 என்பது 60-ஐத் தாண்டிவிட்டது. சாதாரணப் புண்ணுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்த கிளினிக், ஒரே ஆண்டில் உலகின் மிக மோசமான எய்ட்ஸ் வட்டாரங்களில் ஒன்றின் நடுவில் நின்றது.

இங்குகியின் கூட்டங்கள் இப்போது ஆணுறைக் கூட்டங்கள் ஆயின. ஆணுறைப் பழக்கம் சில ஆண்டுகளிலேயே பல மடங்கு கூடியது. அதனால் தப்பிய உயிர்களுக்குக் கணக்கில்லை. ஆனாலும் ஆணுறை வேண்டாம் என்று கூடுதல் காசு தருகிற ஆட்கள் இருந்துகொண்டேதான் இருந்தார்கள். வீட்டு வாடகை நாளன்று அந்தக் காசை வேண்டாம் என்று சொல்வது லேசில்லை.

கணக்கில் ஒரு புதிர்

பெண்கள் ஆண்டுக்கு இரண்டு முறை வருவார்கள். பால்வினை நோய்களுக்குச் சிகிச்சை கிடைக்கும். ரத்தம் எடுக்கப்படும். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். ஆய்வுக் கட்டுரைகளில் அவர்கள் அந்த எண்களாகத்தான் இருக்கிறார்கள்.

முதல் பரிசோதனையில் வைரஸ் இல்லாதவர்கள் அடுத்த முறை வரும்போது பாதிக்கப்பட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் அதற்கடுத்த முறை. இப்படி ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆனால் சில எண்கள் மட்டும் மாறவே இல்லை. மூன்று ஆண்டு, நான்கு ஆண்டு, ஐந்து ஆண்டு. வேறு பால்வினை நோய்கள் வந்தன, போயின. எச்.ஐ.வி. மட்டும் வரவில்லை.

இதைச் சொன்னபோது வெளியுலகம் எளிதில் நம்பவில்லை. பரிசோதனை தப்பாக இருக்கும், அந்தப் பெண்கள் ஆணுறையை ஒழுங்காகப் பயன்படுத்தியிருப்பார்கள், சும்மா அதிர்ஷ்டம் என்றெல்லாம் சொன்னார்கள்.

இதில் "அதிர்ஷ்டம்" என்ற வாதத்தை அலட்சியம் செய்ய முடியாது. 400 பேர் காசு சுண்டிக்கொண்டே இருந்தால் அதில் ஒருவருக்காவது தொடர்ந்து எட்டு முறை தலை விழும். அந்த ஆளிடம் ஏதோ சக்தி இருக்கிறது என்று சொன்னால் சிரிப்பார்கள். அப்படியானால் அதிர்ஷ்டத்தையும் எதிர்ப்புச் சக்தியையும் எப்படிப் பிரிப்பது?

வழி இருக்கிறது. எட்டு முறை தலை விழுந்த ஆளுக்கு ஒன்பதாவது முறையும் அதே பாதிக்குப் பாதி வாய்ப்புதான். முன்பு விழுந்ததால் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. மஜெங்கோ பெண்கள் தப்பியது வெறும் அதிர்ஷ்டம் என்றால், மூன்று ஆண்டு தப்பியவளுக்கு நான்காம் ஆண்டிலும் அதே ஆபத்து இருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அப்படி இல்லை! ஒரு பெண் எவ்வளவு காலம் தப்பித்திருந்தாளோ அந்த அளவுக்கு அவளுக்கு இனிமேல் தொற்றும் வாய்ப்பும் குறைந்துகொண்டே போனது. அதாவது எளிதில் தொற்றுகிறவர்கள் முதலில் போய்விட, மிஞ்சியவர்கள் வேறு வகை ஆட்கள்.

கீத் ஃபோக்கும் பிளம்மரும் மற்றவர்களும் இதை 1996-ல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். 1985 முதல் 1994 வரை, ஆரம்பத்தில் வைரஸ் இல்லாத 424 பெண்கள். அவர்களில் 239 பேர் பாதிக்கப்பட்டார்கள். மூன்று ஆண்டுகளுக்கு மேல் கண்காணிப்பில் இருந்தும் தொற்றாதவர்கள் 43 பேர்.

239 என்ற எண்ணைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த 43-ஐக் கண்டுபிடிக்க முடிந்ததே இந்த 239 பேர் கண்ணெதிரில் நோயில் விழுந்ததால்தான். அவர்களில் பெரும்பாலோர் நோயில் விழுந்த காலத்தில் எய்ட்ஸுக்கு உருப்படியான மருந்தே கிடையாது. 1996-ல் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தபோதும் அது பணக்கார நாடுகளுக்குத்தான் வந்தது. மஜெங்கோ போன்ற இடங்களுக்கு வந்துசேர 2000-க்குப் பிறகும் சில ஆண்டுகள் ஆயின.

நியூயார்க்கில் ஒருவர்

இதே காலத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் ஸ்டீபன் குரோன் என்ற ஓவியர் வேறு மாதிரித் தவித்துக்கொண்டிருந்தார். குடலைப் பாதிக்கும் 'குரோன்ஸ் நோய்' பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதற்குப் பெயர் தந்த டாக்டர் பரில் குரோனின் உறவினர்தான் இவர். ஓரினச் சேர்க்கையாளர். அவருடைய துணைவர் 1982-ல் இறந்தார், நியூயார்க்கில் எய்ட்ஸுக்குப் பலியான முதல் சிலரில் ஒருவர். அதன்பின் நண்பர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். பத்து, இருபது என்று எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. எந்த ஆபத்தில் அவர்கள் இருந்தார்களோ அதே ஆபத்தில்தான் குரோனும் இருந்தார். ஆனால் ஒவ்வொரு பரிசோதனையிலும் "வைரஸ் இல்லை" என்றே வந்தது.

அவராகவே டாக்டர்களைத் தேடிப் போய், தன்னிடம் ஏதோ இருக்கிறது, சோதித்துப் பாருங்கள் என்று கேட்டார். ஆரம்பத்தில் யாரும் கண்டுகொள்ளவில்லை. நோயாளிகளைக் கவனிக்கவே ஆள் போதாத காலம் அது.

1994-ல் ஆரன் டைமண்ட் எய்ட்ஸ் ஆராய்ச்சி மையத்தில் பில் பேக்ஸ்டன் என்ற விஞ்ஞானி சரியாக இப்படிப்பட்ட ஆட்களைத்தான் தேடிக்கொண்டிருந்தார். குரோனின் ரத்தத்திலிருந்து, வைரஸ் வழக்கமாகத் தாக்கும் சி.டி.4 வெள்ளையணுக்களைப் பிரித்தெடுத்து, சோதனைக் குழாயில் வைரஸோடு கலந்தார். ஒன்றும் நடக்கவில்லை. வைரஸின் அளவைப் பல மடங்கு கூட்டிப் பார்த்தார். அப்போதும் அணுக்கள் கல்லுப்பிள்ளையார் போல அப்படியே இருந்தன.

ஏன் என்பது 1996-ல் மளமளவென்று வெளிவந்தது. எச்.ஐ.வி. ஓர் அணுவுக்குள் நுழைய சி.டி.4 என்ற ஒரு கதவு மட்டும் போதாது, கூடவே இன்னொன்றும் திறக்க வேண்டும் என்று தெரியவந்தது. அந்த இரண்டாவது கதவின் பெயர் சி.சி.ஆர்.5. இதை அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் ஐந்து குழுக்கள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் அறிவித்தன. ஆகஸ்டில் குரோன் உள்ளிட்ட இரண்டு பேரின் மரபணு விவரம் வந்தது. சி.சி.ஆர்.5-ஐ உருவாக்கும் ஜீனில் 32 எழுத்துகள் காணாமல் போயிருந்தன. அப்பா வழியில் வந்த பிரதியிலும் அம்மா வழியில் வந்த பிரதியிலும் அதே ஓட்டை. இதனால் அந்தப் புரதம் அரைகுறையாகத் தயாராகி, அணுவின் மேற்பரப்புக்கே வந்து சேர்வதில்லை. கதவே இல்லாத சுவரில் திருடன் எதைத் தட்டுவான்?

இந்தக் குறைபாட்டுக்கு 'டெல்டா 32' என்று பெயர். வட ஐரோப்பிய வம்சாவளியினரில் 100-க்கு ஒருவருக்கு இரண்டு பிரதிகளிலும் இது உண்டு. ஹீமோஃபீலியா நோயாளிகளில் சிலர் வைரஸ் கலந்த ரத்தப் பொருள்களை ஏற்றிக்கொண்டும் தப்பித்ததற்கு இது ஒரு காரணம் என்பதும் பின்னர் தெரிந்தது. "நம்ம ஊரில் இருக்கிறதா?" என்றால், இந்தியாவில் இரட்டைப் பிரதி உள்ளவர்கள் இல்லை என்றே சொல்லிவிடலாம். ஆப்பிரிக்கர்களிடமும் கிழக்கு ஆசியர்களிடமும் அதே நிலைமைதான்.

இங்கே ஒரு கிளைக்கதை. 1990-களின் இறுதியில் இந்த மரபணு மாற்றம் ஐரோப்பாவில் பரவியதற்குக் காரணம் 14-ம் நூற்றாண்டின் பிளேக்தான் என்று ஒரு கருத்து கிளம்பியது. பிளேக்கில் தப்பியவர்களின் பேரப்பிள்ளைகள் எய்ட்ஸிலும் தப்புகிறார்கள்! கேட்கப் பிரமாதமாக இருந்ததால் டாக்குமெண்டரிகள் எல்லாம் வந்தன. ஆனால் பிளேக் வருவதற்கு மிக முந்தைய எலும்புகளிலேயே டெல்டா 32 கிடைத்துவிட்டது. 2025-ல் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் பண்டைய எலும்புகளின் மரபணுவை வைத்து, இது கருங்கடல் வட்டாரத்தில் 6,700 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முன் தோன்றியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். பிளேக் கதை அவ்வளவுதான்.

டெல்டா 32 கைக்கு வந்ததும் காரியங்கள் வேகமாக நடந்தன. இயற்கையில் கதவு இல்லாதவர்கள் நலமாக வாழ்கிறார்கள் என்றால், இருக்கிற கதவை மருந்தால் அடைத்தால் என்ன? அந்த மருந்து, மராவிராக், 2007-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதே 2007-ல் பெர்லினில் கெரோ ஹூட்டர் என்ற டாக்டர், ரத்தப் புற்றுநோயும் எச்.ஐ.வி.யும் இருந்த டிமோதி ரே பிரௌனுக்கு, இரட்டை டெல்டா 32 உள்ள ஒருவரின் ஸ்டெம் செல்களைத் தேடிப்பிடித்துச் செலுத்தினார். எச்.ஐ.வி.யிலிருந்து முழுதாகக் குணமான முதல் மனிதர் பிரௌன். 2020-ல் அவர் இறந்தது புற்றுநோய் திரும்பியதால். எச்.ஐ.வி. திரும்பவில்லை. (2018-ல் சீனாவில் ஹே ஜியன்குய் இந்த ஜீனைக் கருவிலேயே வெட்டி இரட்டைக் குழந்தைகளைப் பிறக்க வைத்துவிட்டுச் சிறைக்குப் போனதும் இந்தக் கதையின் வால்தான். கதவு இல்லாமல் இருப்பது எல்லா விதத்திலும் லாபம் இல்லை, வெஸ்ட் நைல் காய்ச்சல் வந்தால் இவர்களுக்குத் தீவிரமாகும் ஆபத்து கூடுதல் என்பது அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தெரிந்த விஷயம்.)

குரோனுக்கு என்ன ஆயிற்று? விஞ்ஞான உலகில் புகழ் கிடைத்தது. பேட்டி எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். ஆனால் தெரிந்தவர்கள் எல்லோரும் போனபின் ஒருவர் மட்டும் மிஞ்சியிருப்பது எப்படி இருக்கும் என்பதை எந்த ஜீனும் சொல்லாது. 2013-ல், 66 வயதில், அவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

மீண்டும் நைரோபி

சரி, மஜெங்கோ பெண்களுக்கும் இதே டெல்டா 32-தானா? எல்லோரும் முதலில் பார்த்தது அதைத்தான். இல்லை. அவர்களுடைய சி.சி.ஆர்.5 ஜீன் நன்றாகவே இருந்தது. அவர்களுடைய வெள்ளையணுக்களைச் சோதனைக் குழாயில் வைரஸோடு கலந்தால் எல்லோருடையதையும் போலவே பாதிக்கப்பட்டன! குழாயில் தொற்றுகிறது, உடம்பில் தொற்றவில்லை. குரோனின் கதையில் பதில் ஓர் அணுவுக்குள் இருந்தது. இங்கே அப்படி ஒரு இடத்தைச் சுட்டிக்காட்ட முடியவில்லை.

அடுத்த சந்தேகம் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் மேல் விழுந்தது. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த சாரா ரோலண்ட்-ஜோன்ஸ் 1995-ல் காம்பியா நாட்டில் இப்படித் தப்பிய பெண்களிடம் ஒரு விஷயத்தைக் கண்டிருந்தார். வைரஸ் புகுந்த அணுக்களைத் தேடிக் கொல்லும் வெள்ளையணுக்கள் உண்டு. கொலைகார டி அணுக்கள் என்று வைத்துக்கொள்வோம். எச்.ஐ.வி.யையே குறிவைக்கும் கொலைகார அணுக்கள், எச்.ஐ.வி. தொற்றாத பெண்களின் ரத்தத்தில் இருந்தன. வைரஸை ஒருமுறையாவது பார்க்காமல் அவை உருவாகாது. நைரோபியிலும் அவ்வாறே கண்டார்கள். அப்படியென்றால் இந்தப் பெண்களின் உடம்பு வைரஸைச் சந்தித்திருக்கிறது, வேர் பிடிப்பதற்குள் விரட்டியும் இருக்கிறது!

ஒரு தடுப்பூசி செய்ய வேண்டியது இதைத்தானே? அந்த நம்பிக்கையில் ஆக்ஸ்ஃபோர்டும் நைரோபியும் சேர்ந்து தடுப்பூசி முயற்சியில் இறங்கின. கென்யாவில் அதிகம் காணப்படும் வைரஸ் வகையை வைத்துத் தயாரான அந்த ஊசி 2000-ல் ஆக்ஸ்ஃபோர்டிலும் 2001-ல் நைரோபியிலும் மனிதர்களுக்குப் போடப்பட்டது. இதற்கிடையில் ஒரு சண்டையும் நடந்தது. காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது ஆக்ஸ்ஃபோர்டு தரப்பு கென்ய ஆய்வாளர்களைச் சேர்க்கவில்லை. மஜெங்கோவின் ரத்தம், கென்ய டாக்டர்களின் உழைப்பு, உரிமை மட்டும் இங்கிலாந்துக்கா என்று நைரோபியில் கொதித்தார்கள். பிறகு பேச்சு நடந்து உரிமையைப் பகிர்ந்துகொள்ள ஒப்பந்தம் ஆனது. ஆனால் பங்கு போட்டுக்கொள்ள ஒன்றும் மிஞ்சவில்லை. ஊசி போட்டுக்கொண்டவர்களில் மிகச் சிலருக்கே எதிர்ப்புச் சக்தி தூண்டப்பட்டதால் 2004-ல் அந்த முயற்சி கைவிடப்பட்டது.

அதற்கும் முன்பே கிளினிக்கிலிருந்து கெட்ட செய்தி வந்திருந்தது. பல ஆண்டுகள் தப்பித்திருந்த பெண்களில் சிலருக்குத் திடீரென்று வைரஸ் தொற்றியிருந்தது. இது எப்படி என்று ரூபர்ட் கௌல் குழுவினர் ஆராய்ந்து 2001-ல் சொன்ன விடை யாரும் எதிர்பாராதது. வாடிக்கையாளர்கள் கூடியதால் தொற்றவில்லை. குறைந்ததால் தொற்றியிருக்கிறது! அதற்கு முந்தைய ஓராண்டில் தொழிலைக் குறைத்துக்கொண்டவர்கள், சிறிது காலம் விட்டுவிட்டுத் திரும்பியவர்கள், இவர்களுக்குத்தான் தொற்று அதிகம்.

காரணம் இப்படி இருக்கலாம் என்றார்கள். அந்தக் கொலைகார அணுக்கள் உயிர்ப்போடு இருக்க வேண்டுமானால் வைரஸை அடிக்கடி சந்தித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஊருக்குப் போய்ச் சில மாதம் பிள்ளைகளோடு இருந்தால் சந்திப்பு நின்றுவிடும், காவலும் தளர்ந்துவிடும். பணம் தீர்ந்து மஜெங்கோவுக்குத் திரும்பும்போது அவள் எல்லோரையும் போல ஒரு சாதாரணப் பெண்.

இதை ஒரு டாக்டரின் இடத்தில் நின்று யோசித்தால் தலை சுற்றும். அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வது? தொழிலை விடாதே என்றா? எந்த டாக்டரும் அப்படிச் சொல்ல முடியாது. தொழிலை விடு, ஆனால் விட்டால் மறுபடி வராதே என்றா? வராமல் இருக்க வழி இருந்தால் அவள் ஏன் வரப்போகிறாள்? எத்தனை ஆண்டு தப்பித்திருந்தாலும் ஆணுறையை விடாதீர்கள் என்பதைத்தான் உறுதியாகச் சொல்ல முடிந்தது. இங்குகி ஒரு பக்கம் இந்தப் பெண்களுக்குச் சிறு வியாபாரத்துக்கு வழிசெய்து, தொழிலை நிரந்தரமாக விட உதவிக்கொண்டிருந்தார். அறிவியல் கண்டுபிடிப்பை வைத்துப் பார்த்தாலும் அதுதான் சரி. அரைகுறையாக விடுவதுதான் ஆபத்து.

"எதிர்ப்புச் சக்தி பெற்றவர்கள்" என்று பத்திரிகைகள் எழுதியபோது அது ஏதோ வரம் போலத் தோன்றியது. வரம் என்றால் ஒருவர் எங்கே போனாலும் கூட வர வேண்டும். இது கூட வரவில்லை.

ஆனால் கொலைகார அணுக்கள் மட்டுமே காரணம் என்பதும் நிற்கவில்லை. அவை இருந்தும் சிலருக்குத் தொற்றியது, அவை காணப்படாத சிலர் தப்பினார்கள். பிறகு ஆய்வு எதிர்த் திசையில் திரும்பியது. ஃபோக்கின் மனிடோபா குழுவினர் 2010 வாக்கில் சொன்னது இது: தப்பிய பெண்களின் எதிர்ப்பு மண்டலம் மற்றவர்களுடையதைவிடச் சுறுசுறுப்பானது அல்ல, அமைதியானது. எச்.ஐ.வி. விரும்பித் தாக்குவது விழித்துக்கொண்டு பரபரக்கும் வெள்ளையணுக்களைத்தான். உறங்குகிற அணுவில் அதனால் எளிதில் பெருக முடியாது. பிறப்புறுப்புப் பகுதியில் பரபரப்பான அணுக்கள் குறைவாக இருந்தால் வைரஸுக்கு இரை குறைவு. அழற்சியைத் தணிக்கும் சில புரதங்களும் இந்தப் பெண்களிடம் கூடுதலாக இருந்தன.

2007-ல் நடந்த இன்னொரு நிகழ்ச்சியும் இதோடு பொருந்துகிறது. மெர்க் நிறுவனத்தின் எச்.ஐ.வி. தடுப்பூசிச் சோதனையைப் பாதியில் நிறுத்த நேர்ந்தது. ஊசி போட்டுக்கொண்டவர்களில் ஒரு பிரிவினருக்குத் தொற்று குறைவதற்குப் பதில் கூடியிருந்தது! எதிர்ப்பு மண்டலத்தை எழுப்பிவிட்டால் போதும் என்ற நினைப்புக்கு அது பெரிய அடி. எழுப்பப்பட்ட அணுக்களே வைரஸுக்கு இரை ஆகியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம்.

அமைதிதான் காப்பு என்றால் அதை மாத்திரையால் உண்டாக்க முடியுமா? ஃபோக் குழுவினர் நைரோபியில் தொற்று ஆபத்து குறைவான பெண்களுக்குத் தினமும் சிறிதளவு ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்தார்கள். தலைவலிக்குப் போடும் அதே ஆஸ்பிரின். 2018-ல் வந்த முடிவின்படி, பிறப்புறுப்புப் பகுதியில் எச்.ஐ.வி.க்கு இரையாகும் அணுக்கள் சுமார் 35 சதவீதம் குறைந்தன. இது தொற்றைத் தடுக்கும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. அதற்கு மிகப் பெரிய சோதனை வேண்டும். ஆனால் 1985-ல் தொடங்கிய ஒரு கணக்கிலிருந்து கடைசியில் மருந்துக்கடைப் பெட்டியில் கிடக்கும் மாத்திரைக்கு வந்து நின்றது வினோதம்தான்.

இதற்குள் கென்யாவுக்கு வேறொரு மாத்திரை வந்துவிட்டது. தொற்று ஏற்படாமலிருக்க முன்கூட்டியே சாப்பிடும் எச்.ஐ.வி. மாத்திரையை அந்நாட்டு அரசு 2017-ல் நாடு முழுவதும் அறிமுகப்படுத்தியது. அது இயற்கையான எதிர்ப்புச் சக்தியைப் பார்த்துச் செய்ததல்ல, வைரஸ் பெருகும் வழியை அடைக்கும் சாதாரண மருந்து. ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிற பெண்ணுக்கும் அது வேலை செய்யும், தினமும் போட்டுக்கொண்டால்.

எலிசபெத் இங்குகி 2015-ல் காலமானார். பிளம்மர் பின்னாளில் கனடாவின் தேசிய நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்குத் தலைவராகி, சார்ஸ், எபோலா என்று வேறு போர்களுக்குப் போனார். ஆனால் நைரோபியை விடவில்லை. மனிடோபா - நைரோபி கூட்டு முயற்சியின் 40-வது ஆண்டு நிகழ்ச்சிக்காக 2020 பிப்ரவரியில் அங்கே போயிருந்தபோது, அந்த ஊரிலேயே இறந்தார். மஜெங்கோவின் 43 பேரில் எத்தனை பேர் வாழ்நாள் முழுவதும் தப்பினார்கள் என்பதை அந்த 1996 கட்டுரை சொல்லாது. அதன் கணக்கு 1994-ல் நின்றுவிடுகிறது.